பிச்சைப் பாத்திரத்துக்கு ஒரு விதி

பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் துறவியாகச் சேர்ந்தவன் பெரும்பாலும் முதல் குகையிலேயே செத்துப்போவான். இரண்டு நாலுமுகப் பகடைகளை உருட்டினால் என்ன வருகிறதோ அதுதான் அவன் உயிர், சராசரியாக ஐந்து. கவசம் போடக்கூடாது, கேடயம் பிடிக்கக்கூடாது. சுறுசுறுப்பானவன் என்றால் மற்றவர்களுக்கு அடி படுவது குறையும். அந்தச் சலுகை அவனுக்கு இல்லை. பலசாலி என்றாலும் அவன் அடியில் கூடுதல் கிடையாது. வெறுங்கையால் குத்தினால் ஒன்றிலிருந்து மூன்று வரை சேதம். இத்தனைக்கும் அவனைத் தேர்ந்தெடுக்கவே பலம், ஞானம், சுறுசுறுப்பு மூன்றிலும் 18க்கு 15 வேண்டும். கேரி கைகாக்ஸ் 1978இல் எழுதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அவனுக்கான விதிகள் அப்படி.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதை நடத்துவார், அவருக்கு டிஎம் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்", "பாலத்தில் ஊர்ந்து போகிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டியது, சந்தேகமான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். வீரன், மந்திரவாதி, மதகுரு, திருடன் என்று பாத்திரங்களுக்கு வகைகள் உண்டு. வகையை 'கிளாஸ்' என்பார்கள். ஆட்டம் அச்சில் வந்தது 1974இல், கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து எழுதியது. அடுத்த வருஷமே ஆர்னசனின் பெயரில் வந்த 'பிளாக்மூர்' என்ற இணைப்பு நூலில் துறவி வந்துவிட்டான், மதகுருவின் ஒரு கிளையாக. அந்தக் காலத்து அமெரிக்காவை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். 1972 முதல் 1975 வரை அங்கே டி.வி.யில் 'குங்ஃபூ' தொடர் ஓடியது; நடுவில், 1973இல், புரூஸ் லீயின் 'எண்டர் த டிராகன்'. துறவி என்றதும் அவர்களுக்குக் கண்ணில் தெரிந்தது முஷ்டி.

எங்களுக்கு அந்தப் புத்தகம் பாரிஸிலிருந்து வந்தது. புதுச்சேரி சாரத்தில் எங்கள் வீட்டை அக்கம்பக்கத்தில் சொல்தா (சிப்பாய்) வீடு என்றுதான் சொல்வார்கள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். மாமா குடும்பம் பிரான்ஸில் குடியேறிவிட்டது. தொண்ணூறுகளில் ஒரு ஆகஸ்ட் லீவுக்கு வந்த மாமா பையன், பையில் துணியைவிடப் புத்தகத்தை அதிகம் கொண்டுவந்தான். 'காஸுஸ் பெல்லி' பத்திரிகையின் பழைய இதழ்கள், கூடவே ஓரம் கிழிந்த ஆங்கில ஹேண்ட்புக் ஒன்று. மொட்டை மாடியில் பாய் விரித்து, கரண்ட் போனால் சிம்னி வைத்துக்கொண்டு ஆடினோம். அவன் திரும்பிப் போகும்போது பகடைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இருபதுமுகப் பகடை இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? பாட்டி பல்லாங்குழிக்குச் சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகளில் இருபதைப் பொறுக்கி, ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, அதில் ஒன்று முதல் இருபது வரை பேனாவால் எழுதி, பாட்டியின் சுருக்குப்பையிலேயே போட்டு வைத்தோம். கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும், பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். ஒன்பதாம் எண் கொட்டை கொஞ்சம் சொட்டையாக இருந்ததால் விரலுக்குத் தெரிந்துவிடும். அதை மாற்றச் சொல்லி நடந்த சண்டை பெரிய சண்டை.

அந்த நாட்களிலேயே எனக்குத் துறவிமேல் ஒரு பிடிப்பு. அவன் பலவீனத்தை நான் குறையாக நினைத்ததில்லை. என்னை உறுத்தியது வேறு. அந்தப் புத்தகத்தின் துறவி மேலே போகப் போக அவனுக்குப் பட்டங்கள் வருகின்றன: டிராகன்களின் தலைவன், வடகாற்றின் தலைவன், குளிர்காலத்தின் தலைவன், கடைசியாகப் பதினேழாம் லெவலில் மலர்களின் பெருந்தலைவன். ஒன்பதாம் லெவலிலிருந்து ஒவ்வொரு பட்டத்துக்கும் உலகத்திலேயே ஒரே ஒருவன்தான் இருக்கலாம். ஆகவே கீழே இருப்பவன் மேலே இருப்பவனை வெறுங்கைச் சண்டையில் ஜெயித்தால்தான் லெவல் ஏறும். குருவை அடித்து வீழ்த்தினால் சீடனுக்குப் பதவி. விளையாட்டாகப் பார்த்தால் அருமையான விதி, நாடகம் நிறைய உண்டு. ஆனால் நான் பார்த்து வளர்ந்த சாமிகள் யாரும் அப்படி இல்லை.

எங்கள் ஊரில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. சாரத்திலிருந்து சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் கருவடிக்குப்பம். அங்கே சித்தானந்த சுவாமிகளின் சமாதி. பக்கத்தில் பாரதி உட்கார்ந்து குயில் பாட்டு எழுதியதாகச் சொல்லும் தோப்பு. வில்லியனூர்ப் பக்கம் ராம் பரதேசி சுவாமிகள். மணக்குள விநாயகர் கோயிலில் தொள்ளைக்காது சித்தர். இவர்களுக்கு விளக்குப் போட்டுவிட்டு வருகிற பெண்களிடம் கேட்டால் யாரும் "சாமி பலமா குத்துவாரு" என்று சொல்ல மாட்டார்கள். நோய் தீர்த்தார், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தெரிந்தார், கொடுத்த காசைத் தொடாமல் போனார் என்பார்கள். துறவிக்குக் கிளாஸ் எழுதினால் இந்தப் பெண்கள் படித்து "ஆமா, இப்படித்தான்" என்று சொல்கிற மாதிரி எழுத வேண்டும் என்ற ஆசை அப்போதே விழுந்தது.

எழுத உட்கார்ந்தது வெகுகாலம் கழித்து, அக்கா பையனும் அவன் கூட்டாளிகளும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆட ஆரம்பித்த பிறகு. 2011 தீபாவளிக்கு, போதிதர்மர் கதையோடு '7ஆம் அறிவு' படம் வந்திருந்த நேரம். பையன்கள் தலையில் போதிதர்மர் தவிர வேறு ஆள் இல்லை.

"மாமா, போதிதர்மர் நம்ம ஆளு. காஞ்சிபுரத்துக்காரரு. ஷாவ்லினுக்கே அவருதான் சண்டை கத்துக்குடுத்தாரு. அவர வச்சு எழுதுங்க மாமா."

அவர்கள் ஆசையைக் கெடுக்க எனக்கு மனசில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஷாவ்லின் மடம் 495இல் கட்டப்பட்டது, பாதுவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காக. போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 547ஆம் ஆண்டு வாக்கில் யாங் ஷுவான்ஜி எழுதியது. அதில் போதிதர்மர் பாரசீகத்திலிருந்து வந்தவர். தான்லின் எழுதிய குறிப்பில் தென்னிந்திய அரசன் ஒருவரின் மூன்றாவது மகன். இரண்டிலும் காஞ்சி என்ற ஊர்ப்பெயர் இல்லை, இரண்டிலும் சண்டைக்கலையும் இல்லை. அவர் பெயரைச் சண்டையோடு கட்டியது 'யீஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூல். அது 1624ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பிந்தியது. சீன ஆராய்ச்சியாளர் தாங் ஹாவ் 1930களிலேயே இந்தக் கதையை உடைத்துவிட்டார். பழைய குறிப்புகளில் இருக்கிற போதிதர்மர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர். அது எனக்குச் சண்டையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. பையன்களுக்கும் ஒருநாள் படும் என்று நம்புகிறேன்.

"அப்ப நம்ம ஊர்ல யாருமே இல்லையா?" என்றான் அக்கா பையன். கோபம்தான்.

இருக்கிறாள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நடைபாதைக் கடையில் வாங்கிய மணிமேகலையை எடுத்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்ததை ஆட்டக்காரன் கண்ணால் படித்தால் என்ன ஆகிறது பாருங்கள். மணிபல்லவத்தீவில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைத் தருகிறது: வேற்று உருவம் எடுக்க ஒன்று, வான்வழியே போக ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி கைக்கு வருகிறது, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். ஆனால் அது சும்மா சுரக்காது. ஆதிரை என்ற பெண்ணின் கையால் முதல் பிச்சை விழுந்த பிறகுதான் ஊருக்குச் சோறு. சக்திகள், அவை கிடைக்கும் வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை. அதை எழுதிய சாத்தனார் ஒரு கிளாஸின் எலும்புக்கூட்டை முழுசாகவே போட்டு வைத்திருக்கிறார். அவள் குத்தியதாக ஒரு வரி கிடையாது.

அன்றைக்கு ராத்திரியே நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கிளாஸுக்குப் பெயர் பரதேசி.

முதலில் பணத்தைப் பற்றிய விதி. பழைய ஆட்டத்தின் உயிர்நாடியே அதுதான். குகையிலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு அனுபவப்புள்ளி, புள்ளி சேரச் சேர லெவல் ஏறும். அரக்கனைக் கொன்றால் கிடைப்பது அற்பம். ஆகவே எல்லாரும் பொன்னைத் தேடித்தான் இறங்குகிறார்கள். பொன்னைத் தொடாதவனை இந்த ஆட்டத்தில் எங்கே வைப்பது? ஹேண்ட்புக் துறவி தனக்குத் தேவையானதுபோக மீதியைக் கொடுத்துவிட வேண்டும், உண்மைதான். ஆனால் புள்ளி அவனுக்கு ஏற்கெனவே ஏறிவிட்டது, கொடுப்பதால் எதுவும் மாறுவதில்லை. ஆர்னசனுடைய சொந்த ஆட்டத்தில் வேறு வழி இருந்தது. 1977இல் வெளிவந்த அவருடைய 'த ஃபர்ஸ்ட் ஃபேன்டஸி கேம்பெய்ன்' புத்தகத்தில், கொண்டுவந்த பொன்னை எதில் ஆசையோ அதில் செலவழித்தால்தான் புள்ளி. குடியில் ஆசையுள்ளவன் குடித்துத் தீர்க்க வேண்டும். இந்த ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டேன். பரதேசிக்குப் புள்ளி ஏற வேண்டுமானால் தன் பங்குப் பொன்னை, ஊருக்குள் வந்த முதல் பொழுது சாய்வதற்குள், தேவைப்பட்டவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பையன்கள் இதில் ஓட்டை கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. பரதேசி தன் பங்கைக் கூட வந்த வீரனுக்குக் கொடுத்தான், வீரன் அதில் எல்லாருக்கும் சேர்த்து ஈட்டி வாங்கினான். கூட வந்தவனுக்குக் கொடுத்தால் கணக்கில்லை என்று எழுதினேன். அடுத்த ஆட்டத்தில் சத்திரக்காரனுக்குக் கொடுத்துவிட்டு ஆயுசுக்கும் அங்கே இலவசமாகத் தங்கினார்கள். பதிலுக்கு எது வந்தாலும் அதன் விலை புள்ளியில் கழியும் என்று அடுத்த வரி. இந்த இரண்டு வரிகளுக்குப் பிறகு கூடத்தில் ஆட்டம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். குகையை விட்டு வந்ததும் ஆயுதக் கடையைத் தேடிய பிள்ளைகள், "இந்த ஊர்ல யாரு கஷ்டப்படறாங்க?" என்று டிஎம்மைக் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பதில் சொல்ல டிஎம் ஊரை முழுசாக யோசிக்க வேண்டியிருந்தது. மீனவர் குப்பம், அங்கே வலை கிழிந்தவர், கடனுக்கு ஆடு விற்றவர் என்று ஊருக்கு ஆட்கள் வந்தார்கள். நான் எழுதிய விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்தது சுமை. 'பாரதி அறுபத்தாறு' பாடலில் வருகிற குள்ளச்சாமியைப் புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழங்கந்தல் மூட்டையை முதுகில் தூக்கிக்கொண்டு போகிறவரை, இதென்ன கோலம் என்று பாரதி கேட்கிறார். நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே சுமக்கிறாய் என்கிற பொருளில் பதில் வருகிறது. பரதேசியின் தற்காப்பை இதை வைத்துத்தான் அமைத்தேன். ஓடு, துணி, தடி மூன்றும் கணக்கில் சேராது. அதற்குமேல் விலைபோகிற பொருள் எத்தனை வைத்திருக்கிறானோ அத்தனை புள்ளி தற்காப்பு குறையும். கையில் ஒன்றுமில்லாதவன்மேல் அடி விழுவது கடினம். கயிறும் எண்ணெயும் தீப்பந்தமும் இல்லாமல் குகைக்குள் போக முடியாத ஆட்டத்தில் இது கடுமையான விதி. அவன் மற்றவர்களை நம்பித்தான் நடக்க வேண்டும், மற்றவர்கள் விளக்குப் பிடிக்க வேண்டும். கந்தல் மூட்டைக்கு விலை இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் சுமக்கலாம். ஒருத்தன் மந்திரக்கல்லைக் கந்தலுக்குள் சுற்றி வைத்தான். கல்லுக்கு விலை உண்டே!

லெவல் ஏறுவதையும் குள்ளச்சாமியிடமே எடுத்தேன். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் ஒரு வீட்டுக் கொல்லையில் அவர் பாரதிக்கு உபதேசம் செய்கிறார். குட்டிச்சுவரைக் காட்டுகிறார், சூரியனைக் காட்டுகிறார், கிணற்றுக்குள் தெரிகிற சூரியனின் பிம்பத்தைக் காட்டுகிறார், தெரிந்ததா என்கிறார். பாடம் முடிந்தது. எங்கள் விதிப்படி பரதேசி லெவல் ஏறும்போது டிஎம் பேசாமல் மூன்று பொருள்களைப் பாயில் வைக்க வேண்டும். ஆடுகிறவர் தன் பாத்திரத்துக்கு அதில் என்ன புரிந்தது என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சரி, தப்பு கிடையாது. சொன்னது நோட்டில் ஏறும். பின்னால் அதற்கு மாறாக நடந்தால் அந்த லெவலின் சக்தி வேலை செய்யாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பரதேசியாக ஆடினாள். அவளுக்கு அக்கா பையன் வைத்தது ஒரு காலி டம்ளர், கழன்ற செருப்பு வார், வீட்டுச் சாவி. வெகுநேரம் பார்த்துவிட்டு, "திரும்பி வர்றதுக்கு வழி வச்சுக்க மாட்டேன்" என்றாள். அடுத்த மாதம் பாலம் அறுபட்டு எல்லாரும் பின்வாங்கியபோது, எழுதி வைத்த வாக்கியத்துக்காக அவள் மட்டும் முன்னே போனாள். பகடை அவள் பக்கம் இருந்தது.

சண்டையே வேண்டாமா என்று பையன்கள் கேட்டது நியாயம்தான். ஹேண்ட்புக் துறவிக்குப் பதிமூன்றாம் லெவலில் ஒரு பயங்கரமான சக்தி உண்டு. ஒருவனைத் தொட்டுவிட்டால், தன் லெவல் எத்தனையோ அத்தனை நாளுக்குள் நினைத்த நேரத்தில் அவனைச் சாகடிக்கலாம். இதைப் படித்ததும் நம் ஊர்க்காரருக்கு வர்மம் நினைவுக்கு வராமல் இருக்காது. குமரி மாவட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த நண்பரின் அப்பா வர்ம ஆசான். ஒருமுறை சாரம் வந்திருந்தபோது விசாரித்தேன். என் முழங்கையை ஒரு கையில் தாங்கி, கட்டைவிரலை உள்பக்கம் வைத்து, லேசாகத்தான் அழுத்தினார். சுண்டுவிரல் வரைக்கும் விறுவிறுவென்று மரத்தது. இன்னொரு இடத்தில் தடவினார், விட்டுவிட்டது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று கணக்குச் சொன்னார். அடியின் வேகத்தை மாத்திரையில் அளப்பார்களாம், கால், அரை, முக்கால், முழுசு. "எடுக்கத் தெரியாதவனுக்கு அடிக்கச் சொல்லிக்குடுக்கப்பிடாது" என்றார். வர்மம் கொண்டவனை எழுப்புகிற அடங்கல் இடங்களைச் சீடன் முதலில் படிக்க வேண்டுமாம்.

அவர் சொன்னது அப்படியே விதியானது. பரதேசி நாலாம் லெவலில் அடங்கல் கற்கிறான். மயங்கி விழுந்தவனை எழுப்புவான், முடங்கிய கையை நிமிர்த்துவான். ஆறாம் லெவலில்தான் அடி. அடிக்கும்முன் மாத்திரை சொல்லிவிட வேண்டும். கால் என்றால் கை மரக்கும், அரை என்றால் கீழே விழுவான், முக்கால் என்றால் நினைவு போகும். முழு மாத்திரையில் ஏழாம் நாள் சாவு, நடுவில் அடித்தவனே வந்து எடுத்தால் பிழைப்பான். பையன்கள் இதற்குத்தான் காத்திருந்தார்கள். கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கு முழு மாத்திரை கொடுத்தான் ஒருவன். தலைவன் தப்பிக் காட்டுக்குள் ஓடினான். நாலாம் நாள் அவன் மகள் பரதேசியைத் தேடி வந்து காலில் விழுந்தாள்; டிஎம் வேலை அது. மூன்று நாள் மிச்சம், காடு பெரிசு. புதையலைத் தேடிப் போக வேண்டிய கூட்டம் முழுக்க, ஒரு கொள்ளைக்காரனை உயிரோடு கண்டுபிடிக்க அலைந்தது. இரண்டு வார ஆட்டம் அதிலேயே போயிற்று, அந்தச் சுவாரசியம் வேறு எந்தப் புதையலிலும் வரவில்லை.

மணிமேகலையின் மூன்று மந்திரங்களை மூன்று, ஐந்து, எட்டு லெவல்களில் வைத்தேன், பசி முதலில், உருவம் அடுத்தது, வான்வழி கடைசியில். அமுதசுரபிப் பாத்திரம் எல்லா லெவலிலும் உண்டு, ஆனால் ஒவ்வொரு ஊரிலும் மனசாரக் கொடுக்கிற ஒருத்தர் முதல் கவளத்தைப் போட வேண்டும். மிரட்டி வாங்கினால் பாத்திரம் வெறும் பாத்திரம்.

எனக்கு மிச்சமிருந்தது ஒன்பதாம் லெவல். பழைய ஆட்டத்தில் அது பெரிய படி. வீரன் கோட்டை கட்டிக் குடிகளை ஆள்வான், மதகுரு கோயில் எழுப்புவான். எதுவும் வேண்டாம் என்றவன் எதைக் கட்டுவான்? இதற்கும் மணிமேகலையில் பதில் இருந்தது. அவள் சிறைக்கோட்டத்துக்குள் போய்க் கைதிகளின் பசியைத் தீர்க்கிறாள். அரசன் கூப்பிட்டு என்ன வேண்டும் என்றதும், சிறையை இடித்து அறக்கோட்டமாக்கச் சொல்கிறாள், அப்படியே ஆகிறது. டன்ஜன் என்ற பெயரிலேயே நடக்கிற ஆட்டம் இது. நிலவறை என்றால் இறங்கிக் கொள்ளையடிக்க வேண்டிய இடம் என்றுதான் அதில் எல்லாரும் பழகியிருக்கிறார்கள். எங்கள் பரதேசி ஒன்பதாம் லெவலில் அரசனிடம் ஒரே ஒரு நிலவறையைக் கேட்டுப் பெறலாம். அதில் யார் இருந்தாலும் சோறு போட வேண்டும், அதற்குப் பிறகு அங்கே எந்தக் கூட்டமும் வாளோடு இறங்க முடியாது.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் பரதேசி இப்போது எட்டாம் லெவலில் இருக்கிறாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவள் லீவுக்கு வரும்போதெல்லாம் நோட்டைத் தேடி எடுக்கிறாள். கேட்கப்போகிற நிலவறையை முடிவு செய்துவிட்டாள். பையன்கள் சின்ன வயசில் முதன்முதலாக இறங்கிய குகைதான் அது. அதன் அடித்தளத்தில் இன்னும் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் சோறு உண்டா என்று கடந்த பொங்கலுக்குப் பெரிய வாக்குவாதம். கைதிகள் மட்டும்தான் என்றான் அக்கா பையன். வெளியே விட்டால் வெட்டுவோம் என்று அதுகளை உள்ளேயே அடைத்து வைத்தது நாம்தானே என்றாள் அவள். நோட்டை என்னிடம் நீட்டினார்கள். உண்டு என்று எழுதிக் கொடுத்தேன். முதல் கவளத்தை அந்தக் கோப்ளின்களில் ஒன்றே மனசாரப் போட வேண்டும் என்று அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன். அதை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதுதான் அடுத்த ஆட்டம்.